சுவருக்கும் மூக்குக்கும் நடுவே

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் ஆளுயரக் கறுப்பு சிலிண்டர் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், தோள்பட்டையில் வெள்ளை பூசியது. நாங்கள் அதை ஜம்போ என்போம். முழுதாக நிரப்பினால் ஏறக்குறைய 7000 லிட்டர் ஆக்சிஜன் அதில் இருக்கும். மூக்குக் குழாய் வழியாக நிமிடத்துக்கு 5 லிட்டர் கொடுத்தால் ஒரு நோயாளிக்கு ஏறத்தாழ ஒரு நாள் வரும். முகமூடி கட்டி 15 லிட்டர் கொடுத்தால் எட்டு மணி நேரம்கூடத் தாங்காது. கொரோனா சமயத்தில் எல்லார் வாயிலும் அடிபட்ட ‘ஹை ஃப்ளோ’ கருவியில் நிமிடத்துக்கு 60 லிட்டர் சுத்த ஆக்சிஜன் வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் சிலிண்டர் காலி.

2021 மே மாதம் முழுக்க என் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் இந்த வகுத்தல் கணக்குதான். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. வீடு ஸ்ரீரங்கம் மேல அடையவளஞ்சான் வீதியில். வேலை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தில்லைநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில். உத்தியோகப் பெயர் பயோமெடிக்கல் என்ஜினீயர். வார்டில் அவ்வளவு நீளமாக யாரும் கூப்பிடுவதில்லை. “மானிட்டர்ல கோடு வரல, பயோமெடிக்கலைக் கூப்பிடு” என்பார்கள். துறைதான் கூப்பிடும் பெயர்.

ஊரடங்கு தொடங்கிய புதிதில் காவிரிப் பாலத்து முனையில் தடுப்பு போட்டு நின்ற போலீஸ்காரர் என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆஸ்பத்திரின்னா சரிம்மா. என்ஜினீயருக்கு அங்க என்ன வேலை? கட்டடம் கட்டுறாங்களா?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. இன்றைக்கும் பலருக்கு அதே சந்தேகம் உண்டு. அன்று வண்டியை ஓரங்கட்டி அவரிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு மருத்துவமனையில் மனிதரைத் தொடுகிற அல்லது மனிதருக்குள் எதையாவது செலுத்துகிற கருவி ஒவ்வொன்றும் எங்கள் பொறுப்பு. இசிஜி, மானிட்டர், சொட்டு மருந்தை எண்ணி ஏற்றும் பம்ப், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர், டயாலிசிஸ் மெஷின், தியேட்டரில் மயக்க மருந்து மெஷின், வென்டிலேட்டர். பம்ப் மணிக்கு 10 மில்லி என்று காட்டினால் உண்மையிலேயே 10 மில்லிதான் போகிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். கருவியின் உடம்பில் மின்கசிவு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். புதிதாக ஒன்று வாங்கும்போது விலையை நிர்வாகம் பேசும். எதை வாங்கலாம், உதிரிபாகம் ஐந்து வருஷம் கழித்தும் கிடைக்குமா என்று நாங்கள் சொல்ல வேண்டும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாட்களில் எங்களை யாருக்கும் தெரியாது.

ஓடாத நாட்கள் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தேசிய சுகாதார இயக்கம் நாடு முழுக்க அரசு மருத்துவமனைக் கருவிகளைக் கணக்கெடுத்தபோது 29,115 நிலையங்களில் 7,56,750 கருவிகள் இருந்தன. மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்டு, 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யாமல் கிடந்தன. அதன் பிறகுதான் 2015-இல் கருவிப் பராமரிப்புக்கென்றே தேசிய அளவில் ஒரு திட்டம் வந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கித் தருவது 1994-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். அரசுப் பக்கத்தில் என் போன்றவர்களுக்கு வேலை தரும் இடங்களில் அதுவும் ஒன்று. இன்னொரு செய்தி: இந்தியாவில் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்துகளைப் போலச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த அறிவிப்பு 2020 பிப்ரவரியில் வெளியாகி ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. நாடே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள் அது. எங்கள் துறையின் பெரிய சட்ட மாற்றத்தை நாங்களே கவனிக்கவில்லை.

ஏனென்றால் அப்போது எல்லாரும் வென்டிலேட்டரை எண்ணிக்கொண்டிருந்தோம். மாவட்டத்துக்கு எத்தனை, மாநிலத்துக்கு எத்தனை என்று தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி ஓடும். 2020 மே மாதம் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து 2000 கோடி ரூபாயில் 50,000 உள்நாட்டு வென்டிலேட்டர்கள் என்ற அறிவிப்பு வந்தது. அவற்றில் 30,000 செய்யும் பொறுப்பு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸுக்கு. ராணுவத்துக்கு ரேடார் செய்கிற நிறுவனம், மைசூரில் உள்ள ஒரு மருத்துவக் கருவி நிறுவனத்தின் வடிவமைப்பை எடுத்துக்கொண்டு சில மாதங்களில் இவ்வளவு செய்தது சாதாரணக் காரியமில்லை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் பெட்டி லாரியிலிருந்து இறங்கிய இடத்தில் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. வென்டிலேட்டர் தானாக ஆக்சிஜன் செய்வதில்லை. சுவரில் உள்ள குழாயிலிருந்து ஏறக்குறைய 4 பார் அழுத்தத்தில் அதற்கு ஆக்சிஜன் வர வேண்டும். அழுத்தம் இறங்கினால் அது கத்தும், அப்புறம் கைவிடும். நோயாளிக்குப் போகும் காற்றில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று பார்த்துச் சொல்ல உள்ளே ஒரு சென்சார் உண்டு. அது பேட்டரி மாதிரி வேதிப்பொருளால் வேலை செய்வது. பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே இருக்கும். கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்த மெஷினைத் திறந்தால் முதலில் தகராறு செய்வது அதுதான். மூச்சுக் குழாய்கள், வடிகட்டி, ஃப்ளோ சென்சார் எல்லாம் அந்தந்த மாடலுக்கு என்று தனித்தனி. ஒன்று குறைந்தாலும் லட்ச ரூபாய் மெஷின் வெறும் பெட்டி. பிறகு, இரவுப் பணியில் இருக்கும் சிஸ்டருக்கு அலாரம் எதற்காக அடிக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

2021-இல் அவுரங்காபாத் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட 150 வென்டிலேட்டர்கள் விஷயம் பம்பாய் உயர் நீதிமன்றக் கிளைக்கே போனது. கருவிகள் சரியில்லை என்றது மருத்துவமனை. கருவியில் குறையில்லை, கையாண்ட விதமும் மருத்துவமனையின் வசதிகளும்தான் பிரச்சினை என்றது மத்திய அரசுத் தரப்பு. வழக்கின் முழுக்கதை எப்படியிருந்தாலும், எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது தோன்றியது ஒன்றுதான். கருவி வாங்கக் கோடி ஒதுக்கிய திட்டம், அதைப் பொருத்தவும் சொல்லிக்கொடுக்கவும் ஆளுக்கு எவ்வளவு ஒதுக்கியது?

மெஷின் இல்லாமல் ஆளை மட்டும் வைத்துச் சமாளித்த ஊரும் உண்டு. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவி, மூச்சுத் தசை செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனையில் குவிந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுக்கலாம் என்று காட்டினார். அமுக்க ஆள் வேண்டுமே. சுமார் 1500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். இன்றைய ஐசியூவும் இன்றைய வென்டிலேட்டரும் அந்தக் கைகள் வலித்ததிலிருந்து பிறந்தவை. 2020-இல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உட்பட உலகெங்கும் பலர், அதே பையை மோட்டார் வைத்து அமுக்கும் அவசரகால மெஷின்களைச் செய்து பார்த்தார்கள். அவசரத்துக்கு அது சரி. கொரோனா நுரையீரல் மரக்கட்டை மாதிரி இறுகிப்போகும். அதற்கு வெறும் அமுக்கல் போதாது, ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் கொஞ்சம் அழுத்தத்தை உள்ளே நிறுத்திவைக்க வேண்டும். அங்கேதான் நுட்பம் வேலை செய்கிறது.

திருச்சி தன் பங்குக்கு என்னென்னவோ செய்தது. பொன்மலை ரயில்வே பணிமனையில் பெட்டிகளைத் தனிமை வார்டுகளாக மாற்றினார்கள். புத்தூர் அரசு மருத்துவமனைக்கு உள்ளூர் நிறுவனமான புரொப்பெல்லர் டெக்னாலஜீஸ் ‘ஸாஃபி’ என்ற ரோபோக்களைக் கொடுத்தது. தனிமை வார்டுக்குள் மருந்தும் சாப்பாடும் கொண்டுபோக அது உதவும் என்றார்கள். பத்திரிகைகளில் படம் நன்றாக வந்தது. எங்கள் ஐசியூவில் அந்த வேலையைச் செய்தது நீளமான ஒயர். வென்டிலேட்டர் திரையையும் பம்ப்களையும் கண்ணாடிக்கு வெளியே கொண்டுவந்து வைத்துவிட்டால், சிஸ்டர் ஒவ்வொரு முறையும் கவச உடை போட்டு உள்ளே போக வேண்டியதில்லை. எல்லா மாடலிலும் இது முடியாது. முடிந்தவற்றில் செய்தோம். இதை யாரும் படம் எடுக்கவில்லை, எடுக்கவும் ஒன்றுமில்லை.

கவச உடையைப் பற்றி ஒரு வார்த்தை. கொரோனா வார்டில் போடும் முழு உடை நிஜமாகவே கிருமியைத் தடுக்குமா என்பதைச் சோதிக்க, செயற்கை ரத்தத்தை அழுத்தத்தோடு துணியில் பாய்ச்சி ஊடுருவுகிறதா என்று பார்ப்பார்கள். 2020-இன் தொடக்கத்தில் அந்தச் சோதனை வசதி நாட்டிலேயே கோயம்புத்தூர் சிட்ராவில்தான் இருந்தது, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்தில். பருத்திக்காக ஏற்பட்ட நிறுவனம். அதன் முத்திரைக்காக நாடு முழுவதிலுமிருந்து துணி மாதிரிகள் கோவைக்கு வந்தன.

அந்த உடைக்குள் ஸ்க்ரூ டிரைவர் பிடிப்பது தனி வித்தை. இரண்டு கையுறைக்குள் விரலுக்கு உணர்ச்சி இருக்காது. கண்ணாடியில் நீராவி படியும். சின்ன ஸ்க்ரூ கீழே விழுந்தால் குனிந்து தேட முடியாது. அதனால் பழுதான கருவியைத் துடைத்து, காயவைத்து, வெளியே எடுத்து வந்துதான் பிரிப்போம். துடைப்பதிலும் சிக்கல் இருந்தது. பயத்தில் எல்லாவற்றின் மீதும் ஹைப்போகுளோரைட் கரைசலை அள்ளித் தெளித்தார்கள். தரைக்கு நல்லது, மெஷினுக்கு எமன். கனெக்டர் முனைகள் அரித்துப் போயின, பிளாஸ்டிக் வெடித்தது, தொடுதிரை மங்கியது. எந்தக் கருவியை எந்தத் துணியால், எதைத் தொட்டுத் துடைப்பது என்று தமிழில் எழுதி ஒவ்வொரு மெஷின் தலையிலும் ஒட்டினேன். அந்த வருஷம் நான் செய்த வேலைகளில் அதிகப் பணத்தைக் காப்பாற்றியது அந்தக் காகிதங்களாகத்தான் இருக்கும்.

கம்பெனி சர்வீஸ் ஆட்கள் வருவது நின்றுபோயிருந்தது. சென்னையிலிருந்து வர வேண்டியவர் மாவட்ட எல்லை தாண்ட முடியாமல் வீட்டில் உட்கார்ந்து வீடியோவில் வழி சொல்வார். “மேடம், அந்த நீல ஒயரைக் கழட்டுங்க. இல்லல்ல, பக்கத்துல உள்ளது.” முன்பெல்லாம் சீல் வைத்த மெஷினை நாங்கள் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டிய அதே கம்பெனிகள்தான். உதிரிபாகம் வராதபோது ஒரு மெஷினின் உயிரை எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தோம். இத்தாலியில் பிரெஷ்யா நகருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், முகமூடியில் ஆக்சிஜனையும் காற்றையும் கலக்கும் சின்ன வால்வு தீர்ந்துபோனபோது, இசின்னோவா என்ற சிறு நிறுவனம் அதை முப்பரிமாண அச்சில் செய்து கொடுத்தது. 2020 மார்ச் செய்தி. அதைப் படித்த எங்கள் பயிற்சி மாணவர்களுக்கு ஒரே உற்சாகம். உற்சாகத்தைக் கொஞ்சம் அடக்கித்தான் வைத்தேன். அச்சில் வந்த துண்டு பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். அது சொல்லும் சதவீதத்தில் கலக்கிறதா என்று அளக்காமல் நோயாளிக்கு மாட்ட முடியாது.

வீட்டுக்கு வந்தாலும் வேலை விடாது. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மருந்துக் கடையில் கிடைக்காமல் அலைந்த காலம். கிடைத்தவர்கள் எல்லாரும் என் வீட்டு வாசலில். இரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, எதிர் வீட்டு மாமி விரலை நீட்டுவார். “ஏண்டி, நேத்து 97 இருந்தது, இப்ப 89-ங்கறது. எனக்கு ஒண்ணும் பண்ணலியே?” விரலைப் பார்த்தேன். மருதாணி, நகம் முழுக்கக் கருஞ்சிவப்பாக.

அந்தச் சின்னக் கவ்வி இரண்டு ஒளியை விரல் வழியாகப் பாய்ச்சுகிறது. ஒன்று சிவப்பு, மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும், ஏறாத ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். இரண்டும் எந்த விகிதத்தில் குறைகின்றன என்று பார்த்து சதவீதத்தைச் சொல்கிறது. விரலில் சதை, எலும்பு, தோல் எல்லாமும்தான் ஒளியை விழுங்கும். அதில் ரத்தத்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? நாடி துடிக்கும்போது மாறுவது தமனி ரத்தம் மட்டும்தான், மாறாததை எல்லாம் கழித்துவிடலாம் என்று கண்டுபிடித்தவர் தகுவோ அவோயாகி, ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்துப் பொறியாளர். 1974-இல் அதை வெளியிட்டார். 2020 ஏப்ரல் 18 அன்று, தன் கருவியை உலகமே விரலில் மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், 84 வயதில் காலமானார். டாக்டர் அல்ல, பொறியாளர் என்பதை எங்கள் மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

மருதாணியும் நகப்பூச்சும் அந்த ஒளிக்குக் குறுக்கே நிற்கும். குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் குறைவதால் எண் தள்ளாடும். மாமியை உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொல்லி, மருதாணி இல்லாத கட்டை விரலில் மாட்டினோம். 96. தப்பான எண் கீழே காட்டினால் பயத்தோடு போகும். மேலே காட்டினால்தான் ஆபத்து. 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றின்படி, உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். தோலின் கருமை ஒளியை விழுங்குவதைக் கருவிகள் சரியாகக் கழிக்கவில்லை. நம் ஊர் நிறத்துக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி! ஆனால் இங்கே அது பெரிதாகப் பேசப்படவே இல்லை. 94 என்றால் வீட்டிலிருக்கலாம், அதற்குக் கீழே ஆஸ்பத்திரி என்று ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஊரே இயங்கியது. எண்ணைவிட, ஆறு நிமிஷம் வீட்டுக்குள் நடந்தால் அது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

முதல் அலை எங்களைப் பயமுறுத்தியது. இரண்டாவது அலைதான் உண்மையில் அடித்தது. 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. மே 7 அன்று பதவியேற்ற முதல்வர் ஸ்டாலின் அன்றே பிரதமருக்கு எழுதிய கடிதத்தில், மாநிலத்தின் ஆக்சிஜன் தேவை நாளுக்கு 440 டன், இரண்டு வாரத்தில் 840 டன் ஆகலாம் என்று குறிப்பிட்டார். தூத்துக்குடியில் மூடிக்கிடந்த ஸ்டெர்லைட் ஆலையில் ஆக்சிஜன் மட்டும் தயாரிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்திருந்தது. மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் இஸ்ரோ மையம் தன் திரவ ஆக்சிஜனை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பியது. மே 14 முதல் ஆக்சிஜன் ரயில்களும் வரத் தொடங்கின.

திருச்சிக்காரர்களுக்கு அப்போது ஒரே கேள்வி. திருவெறும்பூரில் பெல் (பாரத் ஹெவி எலெக்ட்ரிகல்ஸ்) இருக்கிறதே, அங்கே ஆக்சிஜன் பிரிவுகள் பல வருஷமாகச் சும்மா கிடக்கின்றனவாமே, திறந்துவிட்டால் என்ன? உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் இதற்காக வழக்கே போட்டார்கள். நியாயமான கேள்விதான். டீக்கடையில் கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. பெல் தரப்பும் ஏறக்குறைய அதையேதான் சொன்னது, மறுபடி ஓடவைக்க மாதங்கள் ஆகும் என்று. பெரிய ஆலைகள் காற்றை அமுக்கி, மைனஸ் 180 டிகிரிக்கும் கீழே குளிர்வித்துத் திரவமாக்கி, நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரிக்கின்றன. வருஷக்கணக்கில் ஓடாத கம்ப்ரஸரில் சீல்கள் காய்ந்திருக்கும், வால்வு ஒட்டியிருக்கும், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பொறி தேவையில்லை, அழுத்தமே போதும், வெடிக்கும். பிரித்து, கழுவி, சோதித்து, உரிமம் வாங்காமல் அதைத் தொட முடியாது. அந்த வருஷமே பெல் நிறுவனம் டேராடூனில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகத்தின் தொழில்நுட்பத்தை வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வளாகத்திலேயே காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுக்கும் பிஎஸ்ஏ நிலையங்களைத் தயாரிக்க இறங்கியது. என்னைக் கேட்டால், பழைய ஆலையை எழுப்புவதைவிட அது புத்திசாலித்தனம்.

டன் கணக்கு டெல்லியிலும் சென்னையிலும் நடந்தது. எங்கள் கணக்கு வேறு. ஆஸ்பத்திரிக் கொல்லையில் பெரிய தொட்டியில் திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியில் இருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் சுமார் 860 லிட்டர் வாயுவாகும். அதை வாயுவாக்குவது வேப்பரைசர் என்ற அலுமினியத் துடுப்புகள், வெளிக்காற்றின் சூட்டை வாங்கி அந்த வேலையைச் செய்கின்றன. வழக்கமான தேவைக்கு என்று அளந்து வைத்தது. எல்லா வார்டும் ஒரே சமயத்தில் இழுத்தால் துடுப்புகளின் மேல் பனி உறைந்து மலைபோல ஏறும். பனி ஏறினால் சூடு உள்ளே போகாது, அழுத்தம் இறங்கும். மே மாத வெயிலில், திருச்சியில், நாங்கள் ஹோஸ் குழாயால் தண்ணீர் பீய்ச்சிப் பனி உடைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தது குழாய். கட்டடம் கட்டும்போது, ஒரு மாடியில் ஏழெட்டுப் பேருக்கு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டுச் செம்புக் குழாய் பதித்திருப்பார்கள். அதே மாடியில் இப்போது எல்லாப் படுக்கைக்கும் ஆக்சிஜன், அதில் பாதி ஹை ஃப்ளோ. தொட்டியில் ஆக்சிஜன் இருக்கும், ரசீது இருக்கும், லாரி வந்திருக்கும். குழாயின் கடைசிப் படுக்கையில் அழுத்தம் இருக்காது. அந்தக் கடைசிப் படுக்கைதான் என் கவலை. சாயங்காலம் ஆனால் பிரஷர் கேஜை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுவர் முனையிலும் அளப்பேன். எந்த நோயாளியை எந்தப் படுக்கைக்கு மாற்றினால் பளு பரவும் என்று ஐசியூ டாக்டரோடு உட்கார்ந்து பிரிப்போம். தேவைக்கு மேல் திறந்திருக்கும் ஃப்ளோமீட்டரைக் குறைக்க ஒரு சிஸ்டர் சுற்றிக்கொண்டே இருப்பார். சாப்பிடும்போது முகமூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைப்பார்கள், அது ‘ஸ்’ என்று ஓடிக்கொண்டே கிடக்கும். அதை மூடுவதே பெரிய சேமிப்பு.

எங்கே எப்படித் தவறலாம் என்பதற்கு அந்த மாதங்களில் உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஏப்ரல் 21 அன்று நாசிக்கில் தொட்டியில் கசிவு, குழாயில் அழுத்தம் போய் 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து விராரில் ஐசியூவில் தீ. மே 4 இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் 13 பேர் இறந்தார்கள். ஆக்சிஜன் பற்றாக்குறை காரணமில்லை என்று அதிகாரிகள் மறுத்தார்கள். செய்தி வந்த காலையில் எங்கள் வளாகத்தில் பேச்சே இல்லை. எல்லாரும் அவரவர் வால்வு அறையின் பூட்டைச் சரிபார்க்கப் போனோம். தீ விஷயத்தில் ஒரு விவரம் பொதுமக்களுக்கும் வேண்டியது: போர்வைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் ஆக்சிஜன் குழாய் போர்வையையே ஊறவைக்கும். மூடிய அறையில் சதவீதம் கொஞ்சம் ஏறினாலும் ஏசி ஒயரில் வரும் சின்னப் பொறி போதும். வீட்டில் கான்சென்ட்ரேட்டர் வைத்திருப்பவர்கள் அந்த அறையில் சாம்பிராணி போடக் கூடாது, விளக்கேற்றக் கூடாது. ஸ்ரீரங்கத்தில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

சிலிண்டர் தட்டுப்பாட்டில் நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களை ஆக்சிஜனுக்கு மாற்ற மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அனுமதித்தது. வால்வு மாற்றி, உள்ளே சுத்தம் செய்து, கறுப்பு வெள்ளை பூசி அனுப்ப வேண்டும். வந்து இறங்கிய சிலிண்டர்களில் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் கையடக்க அனலைசரில் சோதித்தே உள்ளே விட்டோம். லாரி டிரைவருக்கு எரிச்சல். “ஆளு சாகுறான், இவங்க மீட்டர் பாக்குறாங்க” என்று காது கேட்கவே சொன்னார்.

அலை வடிந்தது. பி.எம். கேர்ஸ் நிதியில் நாடு முழுக்க 1200-க்கும் மேற்பட்ட பிஎஸ்ஏ நிலையங்கள் வந்தன. அரசு, தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகள் கொடுத்தவை தனி. பிஎஸ்ஏவின் நெஞ்சு ஜியோலைட் என்ற மணிமணியான கனிமம். காற்றை அழுத்தத்தோடு அதன் வழியே விட்டால் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆக்சிஜனை விடும். சுமார் 93 சதவீதம் வரும். அழுத்தத்தை எடுத்தால் பிடித்த நைட்ரஜனை விட்டுவிட்டு மறுபடி தயார். இரண்டு தொட்டிகள் மாறி மாறி இதையே செய்கின்றன. ஜியோலைட்டுக்கு ஆகாதது ஈரம். ஓட்டாமல் போட்டால் ஈரம் ஏறி, மணிகள் நைட்ரஜனைப் பிடிக்கும் திறனை இழக்கும். மின்சாரச் செலவு அதிகம், திரவ ஆக்சிஜன் இப்போது தாராளம், அதனால் எதற்கு ஓட்டுவது என்று நிறுத்தி வைக்கிற இடங்கள் உண்டு. கணக்குப் பிரிவின் பார்வையில் அது சரியான முடிவு.

கொரோனா சமயத்தில் ஒப்பந்தத்தில் எடுத்த என் சக என்ஜினீயர்கள் பலர் இப்போது இந்த வேலையில் இல்லை. ஒருவர் சோலார் கம்பெனியில். இன்னொருவர் சென்னையில் மென்பொருள் பக்கம் போய்விட்டார், சம்பளம் இரண்டு பங்கு. வென்டிலேட்டர்கள் பல, பிளாஸ்டிக் உறை மூடி ஸ்டோர் ரூமில். அவற்றின் ஆக்சிஜன் சென்சார்கள் காலாவதியாகிவிட்டன. புதிது வாங்கக் கோப்பு எழுதினால், “இப்பதான் கேஸே இல்லையே மேடம்” என்று திரும்பி வரும்.

2022 டிசம்பர் 27, பிறகு 2023 ஏப்ரலில் 10, 11 தேதிகள். நாடு முழுக்க ஆஸ்பத்திரிகளில் ஒத்திகை நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஆக்சிஜன் நிலையம் ஓடுகிறதா, வென்டிலேட்டர் எத்தனை தயார் என்று படிவம் நிரப்ப வேண்டும். எங்கள் பக்கம் நான் கேட்டுக்கொண்டது, தொட்டியைத் திறந்து ஒரு மணி நேரம் எல்லா முனையிலும் முழு வேகத்தில் விடலாம், கடைசிப் படுக்கையில் அழுத்தம் அளக்கலாம் என்று. ஆக்சிஜன் வீணாகும் என்றார்கள். பேசிப் பேசி அரை மணி நேரத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது மாடியில் 2021-க்குப் பிறகு பெரிய குழாய் பதித்திருந்த பக்கம் சரியாக நின்றது. பழைய குழாய் உள்ள கிழக்குப் பக்கத்தில் முள் கீழே வந்தது. எண்ணைப் படிவத்தில் எழுதினேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில்தான் எழுத முடிந்தது. கிழக்குப் பக்கக் குழாய்க்கான மதிப்பீடு இந்த நிதியாண்டிலும் கேட்டிருக்கிறேன்.